ஊலீபிக்காவின் ஒன்றரை மணி தூரம்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரான அவ்யுயித்துக்கிலிருந்து கவுசுயித்துக் விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் ஊலீபிக்கா இரண்டு பதில் சொல்வாள்.

“பறக்கறதுக்கு ஒன்றரை மணி. போய்ச் சேர்றதுக்குன்னா, அது எனக்குத் தெரியாது.”

தெற்கிலிருந்து புதிதாக வரும் ஆசிரியர்களும் நர்சுகளும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். விடுமுறைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு வந்து, அந்தப் பெட்டிமேலேயே நாள் கணக்கில் உட்கார்ந்திருந்த பிறகு சிரிக்கமாட்டார்கள்.

ஓடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் ஓர் அறைக் கட்டிடந்தான் எங்கள் விமான நிலையம். உள்ளே ஓர் எண்ணெய் அடுப்பு, சரக்கையும் ஆட்களையும் நிறுக்கும் தராசு, சுவரோரம் ரேடியோ. ரேடியோவுக்கு முன்னால் ஊலீபிக்கா. காற்றையும் மேகத்தையும் பார்த்து விமானிக்குச் சொல்வது அவள் வேலை. விமானம் இறங்கினால் சரக்கை எண்ணி வாங்குவதும் அவள்தான். இறக்குவது அவள் புருஷன் மோசசி.

ஓடுதளம் சரளைக்கல் போட்டது, குட்டையானது. ஒரு பக்கம் உறைந்த கடல். இன்னொரு கோடியில் மலை நேராக எழுந்து நிற்கும். “பைலட் கொஞ்சம் கண்ணசந்தாலும் மலை எழுப்பி விட்டுடும்” என்பார் மோசசி. காற்றை அளக்கும் கருவி கட்டிடத்தின் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் கட்டிடத்துக் காற்று வேறு, மலைப்பக்கக் காற்று வேறு. இங்கே கருவி சும்மா இருக்கும்போது அங்கே மலையிலிருந்து காற்று குதித்து விமானத்தைப் புரட்டிப் போடப் பார்க்கும். அதனால் விமானம் வரும் நாளில் மலைக்கோடியில் ஓர் ஆளை நிறுத்துவது ஊலீபிக்கா கொண்டுவந்த வழக்கம். ஒரு கம்பு, கம்பு நுனியில் சிவப்புத் துணி, கையில் ஒரு சின்ன ரேடியோ. அந்த ஆள் நான்.

நான் அவளுடைய அண்ணன் பாவ்லூசியின் மனைவி. பாவ்லூசி சீல் வேட்டைக்குப் போனபோது மெல்லிய கடல்பனி உடைந்து வண்டியோடு தண்ணீருக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அவள் என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டாள். எனக்கு நாலு பேர் நடுவே பேச்சு வராது, பள்ளிக்கூடத்திலும் அதிகம் இருந்ததில்லை என்று சொன்னேன்.

“அதனாலதான் அண்ணி உங்களைக் கூப்பிடறேன்” என்றாள். “லூக்காசி மாதிரி வாயாடி கையில ரேடியோவைக் குடுத்தா, விமானம் இறங்கி எல்லாரும் டீ குடிச்சு முடிச்ச பிறகுதான் காத்து எப்படி இருக்குன்னு தெரியவரும்.”

ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் லூக்காசி. அவர் அப்போது அங்கேயே நின்றுகொண்டிருந்தார். “உண்மைதான்” என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஊலீபிக்கா முதல் முறை விமானத்தில் ஏறியது சின்னப் பெண்ணாக இருந்தபோது. காதில் சீழ் வைத்து, தெற்கே ஆஸ்பத்திரிக்குத் தனியாக அனுப்பினார்கள். குணமாகித் திரும்பும் வழியில் கவுசுயித்துக்கில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி தூரந்தான். போனபோது கடல் கெட்டியாக இருந்தது, அவள் வீடு வந்து சேர்ந்தபோது கரையோரம் பனி விரிசல் விட்டிருந்தது. தினமும் காலையில் அங்கே ரேடியோ அறை வாசலில் போய் உட்காருவாளாம். எங்கள் ஊரிலிருந்து ஓர் ஆண் குரல் வரும். “இன்னிக்கு முடியாது” என்று சொல்லிவிட்டு நின்றுவிடும்.

“அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா கையைக் கடிச்சு வைக்கணும்னு இருந்தேன்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். “இப்ப பாருங்க, அந்த ஆளு நான்தான்.”

அவளுக்கும் மோசசிக்கும் பிள்ளை இல்லை. இரண்டு முறை தங்கி இரண்டு முறையும் நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆனால் விமானத்திலிருந்து யாராவது முதுகில் பிள்ளையோடு இறங்கினால், எடை போடும் சாக்கில் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வாள். தராசில் வைப்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள்.

எங்கள் பக்கம் பிள்ளை கொடுப்பதும் எடுப்பதும் புதிதல்ல. நானே அப்படி வளர்ந்தவள். தெற்கே மிட்டிமத்தலிக் என்ற ஊரில் இருக்கும் ஊலீபிக்காவின் சித்தி மகளுக்கு ஷீபா என்று ஒரு மகள். வயது சின்னது, வீட்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது அவளே போன் செய்தாள். “சித்தி, இது உனக்கு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. ஊலீபிக்கா போனை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொடுக்கிறவளுக்குக் கடைசி நிமிடத்தில் மனம் மாறலாம். மாறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ‘தருவாயா’ என்று கேட்கவும் மாட்டார்கள். கேட்பது அவளை நெருக்குவதாகும், அசிங்கம். அதேபோல எடுக்கிறவளிடம் ‘உனக்கு இன்னும் வேணுமா’ என்று கொடுக்கிறவளும் கேட்கமாட்டாள். கையில் வந்தால் வந்தது.

பெயர் மட்டும் முன்பே முடிவாகிவிட்டது. பாவ்லூசி. பிறந்தது பெண், ஆனாலும் பெயர் மாறவில்லை. பெயர் வந்தால் ஆள் வந்த மாதிரி. அந்தக் குழந்தை ஊலீபிக்காவுக்கு அண்ணன், மோசசிக்கு மச்சான், எனக்கு வீட்டுக்காரர்.

“மச்சான் வரட்டும்” என்று மோசசி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். “என்கிட்ட வாங்கின துப்பாக்கியை இன்னும் திருப்பித் தரல. மொத வேலையா அதைத்தான் கேக்கப்போறேன்.”

“பல்லு மொளைக்கட்டும்யா” என்றார் லூக்காசி.

ஊலீபிக்கா ஓர் அமவுத்தி தைத்தாள். முதுகில் பிள்ளை உட்காரும் பை வைத்த மேலங்கி அது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலப் பட்டை, தலைமூடியைச் சுற்றி நரித்தோல். ரேடியோ மேஜையின் கீழே வைத்துத் தைப்பாள். யாராவது வந்தால் காலால் உள்ளே தள்ளிவிடுவாள்.

மார்ச் மாதம் ஷீபா கைக்குழந்தையோடு கவுசுயித்துக் வந்து சேர்ந்தாள். முதல் விமானம் அங்கிருந்தே கிளம்பவில்லை, அந்த ஊரில் பனிப்புயல். ஷீபா உறவுக்காரர் வீட்டில் தங்கினாள். ஊலீபிக்கா போன் செய்தபோது மறுமுனையில் குழந்தை பால் குடிக்கும் சத்தம் கேட்டது. அதை என்னிடம் சொன்னபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

“நல்லாக் குடிக்குதாம், அண்ணி.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஒவ்வொரு நாளும் குடிக்குது. ஒவ்வொரு நாளும் அவ மொகத்தைப் பாத்துக்கிட்டே குடிக்குது.”

ஷீபாவுக்கு விட்டுக்கொடுக்க முடியாமல் போய்விடும் என்ற பயம் அது. எனக்குப் புரிந்தது.

இரண்டாவது விமானம் கிளம்பிவிட்டது. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. பாதி ஊர் ஓடுதளத்துக்கு வந்துவிட்டது. மோசசி புதுக் கையுறை போட்டுக்கொண்டு நின்றார். என்னை அவர்தான் பனிவண்டியில் மலைக்கோடிக்குக் கொண்டுபோய் விட்டார். “துணி நல்லா ஆடாம இருக்கணும், அக்கா. சொல்லி வைங்க அதுகிட்ட” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கம்பை ஊன்றி நின்றேன். முதலில் துணி தொங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகு ஒரு பக்கமாக எழுந்தது, உடனே மறுபக்கம் திரும்பியது. கம்பைச் சுற்றிக்கொண்டது. மலை உச்சியைப் பார்த்தேன். வெள்ளையாக ஒன்று புகை மாதிரி வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பனித்தூள்.

“இங்க சரியில்ல” என்று ரேடியோவில் சொன்னேன்.

“எப்படி?”

“துணி சுத்துது. ஒரு பக்கமா இல்ல.”

“இங்க முள்ளு கம்முனு இருக்கு, அண்ணி.”

“இங்க இல்ல.”

பிறகு, “இன்னொரு தடவை பாருங்களேன்” என்றாள்.

இத்தனை வருஷத்தில் என்னை இரண்டாவது தடவை பார்க்கச் சொன்னதே இல்லை. பார்த்தேன். அந்த விமானத்தில் வந்துகொண்டிருந்தது எனக்கும் வேண்டிய பெயர்.

“அதேதான்” என்றேன்.

விமானி ரெமியின் குரல் என் கையில் இருந்த பெட்டியிலும் கேட்டது. “ஊலீ, டெவன் தீவு மேல இருக்கேன். ஒரு துளி மேகம் இல்ல. உன் கருவியும் நல்லா இருக்குன்னுதான் காலையில சொன்ன. இறங்கலாமா?”

கருவி சொல்வதை மட்டும் படித்துவிட்டு அவள் பேசாமல் இருந்திருக்கலாம். சட்டப்படி அவள் சொல்லவேண்டியது அதுதான். மலைக்கோடியில் நான் நிற்பது எந்தச் சட்டத்திலும் இல்லை.

“கருவி இப்பவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள். குரல் எப்போதும் போலவே இருந்தது. “மலைப்பக்கம் சரியில்ல, ரெமி. நீ இறங்கற இடத்துல காத்து சுத்துது. மேல இருந்து பனி உருண்டு வருது.”

“மோசமா?”

“நானா இருந்தா வரமாட்டேன்.”

“சரி. திரும்பறேன்.”

நான் கட்டிடத்துக்கு வந்தபோது எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூக்காசிக்குத்தான் பொறுக்கவில்லை.

“ரேடியோல நீதானே உக்காந்திருந்த? வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்திருப்பான்ல? வானத்தைப் பாரு, எப்படி இருக்கு!”

“கதவைச் சாத்துங்க” என்றாள் ஊலீபிக்கா. “அடுப்பு அணையுது.”

அவர் கதவைச் சாத்தப் போனபோதுதான் அது வந்தது. கதவு அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரில் அறைந்தது. ஓடுதளத்தின் மலைக்கோடியில் அடுக்கி வைத்திருந்த காலி எண்ணெய் டிரம்கள் ஒவ்வொன்றாக உருள ஆரம்பித்தன. ஒன்று சரளையில் துள்ளித் துள்ளி, விமானம் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க் கடல்பனியில் விழுந்தது. லூக்காசி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போனார்.

அதற்குப் பிறகு காற்று நிற்கவில்லை. ஊலீபிக்கா போன் செய்யவில்லை. அங்கிருந்தும் போன் வரவில்லை.

“நீ ஒரு வார்த்தை பேசேன்” என்றார் மோசசி.

“என்னன்னு பேசறது? அவ குழந்தையோட இருக்கா. நான் போன் பண்ணா, தருவியா மாட்டியான்னு கேக்கற மாதிரி ஆயிடும்.”

“அப்ப நான் பனிவண்டியை எடுத்துட்டுப் போய் மச்சானைத் தூக்கிட்டு வரேன். வழியில ரெண்டு கரடி வந்தா அதையும் சேத்துக் கொண்டாரேன்.”

வழக்கமாக இதற்கு அவள் ஏதாவது சுருக்கென்று பதில் சொல்வாள். அன்று சிரிக்கக்கூட இல்லை. மோசசி எழுந்து போய்ச் சுடுதண்ணீர் வைத்தார். அமவுத்தி முடிந்துவிட்டிருந்தது. அவள் அதன் நீலப் பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கோணலாக இருக்கிறதாம், மறுபடி தைக்கவேண்டுமாம். நான் பார்த்தேன், ஒரு கோணலும் இல்லை.

காற்று ஒருநாள் காலையில் தானாகவே அடங்கியது. கவுசுயித்துக்கிலிருந்து விமானம் கிளம்பியதாகச் செய்தி வந்தது. நான் கம்போடு மலைக்கோடிக்குப் போனேன். துணி தொங்கியது. உச்சியில் புகை இல்லை. “நல்லா இருக்கு” என்றேன். இரண்டாவது தடவை அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன். “ரொம்ப நல்லா இருக்கு.”

ரெமி டெவன் தீவு மேலிருந்து பேசினார். “ஊலீ, ஒரு ஆள், தபால், கடைச்சாமான் கொஞ்சம்.”

ஒரு ஆள். மடியில் இருக்கும் குழந்தையை எண்ணிக்கையில் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வாரம் நர்சம்மா ஒருவரும் வரவேண்டியிருந்தது. யார் என்று அவள் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. “சரி, வாங்க. மலைப்பக்கமும் நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

விமானம் என் தலைக்குமேல் சாய்ந்து திரும்பி, சரளையைக் கிளப்பிக்கொண்டு இறங்கியது. மோசசி வருகிறவரை காத்திருக்க முடியாமல் நான் கம்போடு ஓட ஆரம்பித்தேன். தூரத்தில் விமானத்தின் கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்கியது. எனக்குக் கண் கூசியது. அந்த ஆள் திரும்பியபோது முதுகு தெரிந்தது.

முதுகு கூனியிருந்தது. தலைமூடிக்குக் கீழே உருண்டையாகப் புடைத்திருந்தது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது ஷீபா தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஊலீபிக்கா ரேடியோ மேஜைக்குப் பின்னால் நின்றாள். நடுவில் அடுப்பு. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெமி தபால் மூட்டையோடு வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னிக்குக் காலையில இந்தப் பொண்ணு எங்க உக்காந்திருந்தா தெரியுமா, ஊலீ? தெற்கே போற விமானத்துக்கு. பையெல்லாம் கட்டிக்கிட்டு. நம்ம விமானம் அந்தப் பக்கம் நிக்குதும்மான்னு நான்தான் சொன்னேன். அவங்களுக்கு வேண்டாம் போலன்னு சொல்றா!”

“யாருக்கு?” என்றாள் ஊலீபிக்கா.

ஷீபா நிமிர்ந்தாள். “உனக்குத்தான், சித்தி. அன்னிக்கு மேல இருந்து பாத்தேன். வெயில் அடிக்குது, மேகம் இல்ல, ஒண்ணும் இல்ல. இவரு திடீர்னு வண்டியைத் திருப்பறாரு. ஊலீ சொல்லிட்டாங்கறாரு. அப்புறம் நீ போனே பண்ணல. சரி, உனக்கு மனசு மாறிடுச்சு, வாயால சொல்லக் கூச்சப்படறேன்னு நெனச்சேன்.”

“நீதான் மாறிட்டேன்னு நான் நெனச்சேன்.”

“நானா? ராத்திரியெல்லாம் இது கத்துது, உங்க வீட்டுக்குப் போற வரைக்கும் வாயை மூடமாட்டேன்னு. நான் எங்க மாறப்போறேன்?”

“டிரம் உருண்ட கதையை நான்தான் சொன்னேன்” என்றார் ரெமி. “அன்னிக்கு இறங்கியிருந்தா டிரம்மும் நாங்களும் ஒண்ணாத்தான் உருண்டிருப்போம்னு சொன்னேன். ஒடனே பையை எடுத்துட்டு என் பின்னாலயே வந்துட்டா.”

“அதுக்காக வந்தேன்னு இல்ல” என்றாள் ஷீபா. பிறகு கொஞ்சம் யோசித்து, “அதுக்காகவுந்தான்” என்றாள்.

ஊலீபிக்கா மேஜையின் கீழே குனிந்து அமவுத்தியை எடுத்தாள். ஒரு பக்கம் நீலப் பட்டை இன்னும் தைக்காமல் தொங்கியது. அதை அப்படியே போட்டுக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் வந்து முதுகைக் காட்டிக் குனிந்தாள். நான் ஷீபாவின் முதுகிலிருந்து குழந்தையை எடுத்தேன். சூடாக இருந்தாள், பால் வாசனை. ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு வழுக்கிக்கொண்டு போய் உள்ளே இறங்கினாள். ஊலீபிக்கா உடம்பை ஒருமுறை குலுக்கி அவளைச் சரியாக உட்காரவைத்தாள். குழந்தை அழவில்லை. நரித்தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டது.

“வாங்கண்ணே” என்றாள் ஊலீபிக்கா, தோளுக்குப் பின்னால் திரும்பி.

மோசசி கையுறையைக் கழற்றிவிட்டு வந்து குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தார். “மச்சான், துப்பாக்கி எங்க?” என்றார். குழந்தை கொட்டாவி விட்டது. “பாருங்க, அதே ஏமாத்து வேலை!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதும் நாலு பேர் நடுவே நான் அவரோடு பேசியதில்லை.

ரெமி எரிபொருள் நிரப்பிக்கொண்டு உடனே திரும்பவேண்டும். ஷீபாவையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. “ஏறறியாம்மா?” என்று கேட்டார்.

அவள் ஊலீபிக்காவின் முதுகைப் பார்த்தாள். “அடுத்த விமானம் எப்ப?”

“அது எனக்குத் தெரியாது” என்றாள் ஊலீபிக்கா. “காத்துக்குத்தான் தெரியும். எங்க வீட்டுல மீன் இருக்கு, சட்டி ரொட்டி சுடலாம். குழந்தைக்கும் பால் வேணும்.”

“அப்ப சரி” என்று ஷீபா பையைக் கீழே வைத்தாள்.

அடுத்த விமானம் தள்ளிப்போனது. அதற்கடுத்ததும் தள்ளிப்போனது. யாரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே படுக்கையில் குழந்தையை நடுவில் போட்டுப் படுத்தார்கள். ஷீபா பால் கொடுத்துவிட்டு ஊலீபிக்காவின் முதுகில் ஏற்றிவிடுவாள். மெதுவாக அந்த முதுகில் இருக்கும் நேரம் கூடியது, புட்டிப்பாலும் பழகியது. முன்பு எந்த நாட்களை நினைத்து ஊலீபிக்கா பயந்தாளோ, அப்படிப்பட்ட நாட்கள்தான் இவையும்.

ஷீபா கிளம்ப வேண்டிய காலையில் நான் வழக்கம்போல் மலைக்கோடியில் நின்றேன். துணி அசையாமல் தொங்கியது. கொஞ்சமாவது ஆடினால் தேவலை என்று எனக்கே தோன்றியது. “நல்லா இருக்கு” என்றேன்.

“சரி, அண்ணி” என்றாள். தாழ்ந்த குரல். ஆனால் அதையேதான் ரெமிக்கும் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் ரேடியோவில் ஒரு வீறிடல் கேட்டது. காது கிழிந்துவிடும் போல இருந்தது.

“யாரு அது, ஊலீ?” என்றார் ரெமி.

“எங்கண்ணன். முதுகுல இருக்கார்.”

“என்ன சொல்றார்?”

“மலைப்பக்கம் நல்லா இருக்காம். பத்திரமா வந்து, ஷீபாவைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போகணுமாம்.”

“ஒன்றரை மணில கொண்டுபோய் விட்டுடறேன்னு சொல்லு.”

“சொன்னா நம்பமாட்டார்” என்றாள் ஊலீபிக்கா. “அவரும் அந்த வழியிலதானே வந்தார்?”

அந்தக் கோடியில் யாரும் இல்லாததால் நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்த வேகத்தில் ரேடியோ பொத்தானை அழுத்திவிட்டிருந்தேன். ஊரே கேட்டதாக மோசசி பிறகு சொன்னார்.